யாருடைய இடது

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
ஒன்பதாம் வளைவில் தொடங்கியது வாசனை.
“யாரோ காப்பிக்கொட்டை வறுக்கிறாங்க” என்றார்
ஜவ்வரிசி மில்லில் கணக்கெழுதுகிற என் கணவர்.
அடிவாரத்தில் நிறுத்தி,
அவர் உட்கார்ந்திருந்த பக்கத்து முன்சக்கரத்தில்
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
தோசைக்கல் போலச் சீறியது.

காலிப்பர் இறுகிவிட்டது.
பழைய சான்ட்ரோ. கடன் என் பேரில், ஆர்.சி.யும் என் பேரில்,
ஆகவே கோரிமேட்டு வாடகை வீட்டின் முன்
சாக்கு விரித்துப் படுத்ததும் நான்தான்.
ஞாயிற்றுக்கிழமை, டூட்டி இல்லாத நாள்.
பழசைக் கழற்றிப் புதுசை மாட்டியாயிற்று.
உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும்.

வார்டில் காலாவதியான டிரிப் செட் ஒன்று,
ஒரு காலி சலைன் பாட்டில்
(எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்து வந்தேன்).
குழாயின் ஒரு முனை நிப்பிளில்,
மறு முனை பாட்டிலுக்குள், ஆயிலில் முங்கி.
“அமுக்குங்க.”
“அமுக்கிட்டேன்.”
ஸ்பானரைக் கால் சுற்று.
தேன் நிறத்தில் ஓடியது ஆயில்,
நடுநடுவே ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்க் குமிழ்.
மூடினேன். “விடுங்க.”
ஒருமுறை நான் மூடுமுன்னே விட்டுவிட்டார்.
வந்த குமிழெல்லாம் வந்த வழியே திரும்பின.
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
இத்தனை சின்ன வார்த்தைகளில்
இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை.

கால் லிட்டர். அரை லிட்டர்.
குமிழ் நின்றுவிட்டது. பெடல் மட்டும்
“ஈரப் பஞ்சை மிதிக்கிற மாதிரியே இருக்கு.”
“ஒழுங்கா அமுக்கினா வரும்.”
“தெரியலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடு.”
எதிர்மாடியில் சம்மனசு மேரி
துணி உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஊசியில் மருந்தெடுத்தால்
முனையை வானத்துக்கு நீட்டிச் சுண்டுவோம்.
பத்தொன்பது வருஷமாகச் சுண்டுகிறேன்.
காற்றுக்கு ஒரே புத்தி: மேலே போவது.
மல்லாந்து கிடந்தபடி அப்போதுதான் பார்த்தேன்,
நிப்பிள் கீழே இருந்தது.
புகை கூரையில் நிற்கிறது,
நாங்கள் தரையில் ஜன்னல் வைத்திருக்கிறோம்.

“கடையில என்ன சொல்லி வாங்கினீங்க?”
“ரைட் சைடுன்னு.”
“இது லெஃப்ட்.”
காருக்கு எதிரே போய் நின்றார்.
வலது கையை நீட்டினார்.
கை நேராக இந்தச் சக்கரத்தைத்தான் காட்டியது.
“இங்கிருந்து பாரு. ரைட்டுதானே?”

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்:
இடது என்றால் படுத்திருப்பவரின் இடது,
நிற்பவருடையது இல்லை.
படுத்திருந்தது நான் என்பதால்
அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து
“ஆயில் பட்டதை எடுக்க மாட்டோம்” என்றாராம்.
பிறகு இவர் முகத்தைப் பார்த்து
முந்நூறு பிடித்துக்கொண்டு மாற்றித் தந்தாராம்.
சாயங்காலம் மறுபடி சாக்கு.
முதல் திறப்பிலேயே ஒரு பெரிய குமிழ்,
யாரும் சுண்டாமல், தானாக ஏறிப்போனது.
ஏழெட்டு மிதிக்குப் பிறகு
“கல்லு மாதிரி நிக்குது!”
வருஷக் கணக்கு பைசா பிசகாமல் நேரான குரல்.

அடுத்த ஞாயிறு மலையேறி இறங்கினோம்.
ஒன்பதாம் வளைவில் இருவரும் மூக்கை உயர்த்தினோம்.
ஈர மண். முன்னால் போகிற பஸ்ஸின் டீசல்.
அடிவாரத்தில், காய்ச்சல் பார்ப்பதுபோல்
இடது சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோனேன்.
இவர் சுற்றிப்போய் வலதுக்குக் குனிந்தார்.
“சூடா?”
“லேசா.”
“இங்கயும் லேசா.”

முன் மட்கார்டில், ஆயில் சிந்திய இடத்தில்
உள்ளங்கையளவு பெயிண்ட் பொரிந்து கிடக்கிறது.
அவர் காலால் வந்ததா, என் கையால் வந்ததா,
இன்னும் பேசவில்லை.